பரங்கிப்பேட்டையில் ஒலித்த தோற்பைக்குழல்

உடையும் இசைக்கருவியும் ஒரு மக்கட் கூட்டத்தின் அடையாளங்களாகக் கொள்ளப்படுவன. அவை தொன்றுதொட்டு மாறாது வருவன என்ற எண்ணமும் பொதுவாக நிலவுகின்றது. ஆயின், ஒரு காலத்திற் குற்றமெனத் தண்டிக்கப்பட்ட அடையாளமே பிறிதொரு காலத்திற் பெருமையெனப் போற்றப்பட்டமையையும் வரலாறு காட்டுகின்றது. ஸ்கொட்லாந்தின் மேட்டுநில மக்களுக்குரிய தோற்பைக்குழலும், 'கில்ட்' எனும் இடையாடையும் இதற்குத் தக்க சான்றுகளாகும். அவற்றின் வரலாற்றில் ஒரு பகுதி தமிழ் மண்ணிலே நிகழ்ந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

தோற்பைக்குழலின் அமைப்புத் தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. கொல்லன் உலைக்களத்துத் துருத்தியைப் போன்று, இசைஞனின் கையிடுக்கிலுள்ள தோற்பை காற்றைத் தேக்கிக் குழல்களுக்கு அனுப்புகின்றது. ஒரு குழலில் விரல்கள் இசையை எழுப்ப, ஏனைய குழல்கள் ஒரே சுருதியை இடையறாது ஒலிக்கின்றன. நாகசுரத்துக்கு ஒத்து எவ்வாறு துணை நிற்கின்றதோ, அவ்வாறே இச்சுருதிக் குழல்கள் துணை நிற்கின்றன. உடையைப் பொறுத்தவரை, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேட்டுநில ஆடவர் நீண்ட கம்பளித் துணியொன்றைக் கொய்து இடையில் வாரினாற் கட்டி, எஞ்சியதைத் தோளிற் போர்த்தினர். கீழ்ப்பகுதி மட்டும் தனித்துப் பிரிந்த கில்ட் 18ஆம் நூற்றாண்டிலேயே பரவியது. தொமஸ் ரோலின்சன் என்னும் ஆங்கிலேய இரும்புத் தொழிலதிபரே அதனை முதலில் அமைத்தார் என்பாரும் உளர். அதனை மறுப்பாரும் உளர்.

1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16இல் கலோடன் போர்க்களத்தில், ஸ்ருவேட் அரச மரபை மீட்க எழுந்த கிளர்ச்சிப்படை வீழ்ந்தது. மேட்டுநில மக்கள் பலர் அப்படையில் இருந்தமையால், அவர்தம் உடையையே தடைசெய்யும் சட்டம் அவ்வாண்டிற் பிறந்தது. முதன்முறை மீறியோர்க்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் மீறியோர்க்கு ஏழாண்டு நாடுகடத்தல். தோற்பைக்குழலை அச்சட்டம் பெயர் சுட்டித் தடைசெய்யவில்லை. ஆயினும், கிளர்ச்சிப்படையின் குழலிசைஞரான ஜேம்ஸ் ரீட் என்பவர் அதே ஆண்டு யோர்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். தாம் படைக்கலம் ஏந்தவில்லை என அவர் வாதிட்டார். அக்குழலே ஒரு போர்க்கருவி என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அச்சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மன்னரின் படையிற் சேர்ந்தோர் மேட்டுநில உடையை அணியலாம். தன் ஊரில் உடுத்தால் சிறை. பிற நாட்டை வெல்லச் செல்கையில் உடுத்தால் சிறப்பு. இவ்விதியின் பயனாய் எழுந்த படைப்பிரிவுகளுள் ஒன்று, 1777இல் மக்லியோட் பிரபு திரட்டிய 73ஆம் படைப்பிரிவு. அது 1780இல் சென்னையை அடைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை பெற்ற பெருவெற்றியில், இப்பிரிவினர் பலர் மாண்டனர். பலர் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றனர். 1781ஆம் ஆண்டு ஜூலை 1இல், சோழமண்டலக் கரையின் பழம்பெரும் முஸ்லிம் துறைமுகங்களுள் ஒன்றான பரங்கிப்பேட்டையில் இரு படைகளும் மீண்டும் மோதின. குண்டு மழைக்கிடையே குழலிசைத்து வீரரை ஊக்கிய இசைஞர் ஒருவரின் துணிவைக் கண்ட தளபதி சேர் அயர் கூட், வெள்ளிப் பூணிட்ட குழலொன்று வாங்க ஐம்பது பவுண் வழங்கினார் என அப்படைப்பிரிவின் வரலாற்றேடுகள் கூறும். 1746இல் ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய கருவி, 35 ஆண்டுகளின் பின் மற்றொருவருக்குப் பரிசு பெற்றுத் தந்தது. கருவி மாறவில்லை, அது எவர் பக்கம் ஒலித்தது என்பதே மாறியது.

உடைத்தடை நீங்கியது மறு ஆண்டு, 1782இலேயாம். 1795இல் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய பிரித்தானியப் படையிலும் 72ஆம் மேட்டுநிலப் பிரிவு இருந்தது. 1809இல் ஆட்சேர்ப்புக்கு இடையூறு எனக் கருதி, அப்பிரிவு உள்ளிட்ட சிலவற்றின் மேட்டுநில உடையை அரசே களைந்தது. 1822இல் மன்னர் நான்காம் ஜோர்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோதோ, எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட் வகுத்த விழாவில் மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். அக்காலப்பகுதியிலேதான் சதர்லாந்து முதலிய இடங்களில் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர் தம் நிலங்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். உடை அரண்மனை ஏறியது; உடுத்தவர் கடல் கடந்தனர்.

அயர்லாந்தின் நிலை சற்று வேறானது. அங்குக் கில்ட் பழைய உடையன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தேசிய மறுமலர்ச்சியாளர் ஆங்கில உடைக்கு மாற்றாக அதனை மேற்கொண்டனர். அயர்லாந்தின் தனிச்சிறப்பு 'இலன்' எனப்படும் குழலே. வாயால் ஊதாது, முழங்கையால் இயக்கும் துருத்தியாற் காற்றூட்டி, அமர்ந்திருந்து இசைக்கும் இனிய கருவி அது. அதன் இசைமரபை 2017இல் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றது.

மேட்டுநில மரபு பெரிதும் பிற்காலப் புனைவே என ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் வெளியான கட்டுரையொன்றில் வாதிட்டார். அவர் கூற்றில் உண்மையுண்டு, முழுமை இல்லை. வயது ஒன்றே மரபுக்கு அளவுகோலாகாது. அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கல்முனை முதலிய கரையூர்களின் முஸ்லிம் ஆடவர் உடுக்கும் சாரமும் மலாய் மொழிப் பெயரோடு கடல்வழி வந்ததே. வந்த வழி எதுவாயினும், வயலிலும் கடற்கரையிலும் பள்ளிவாசலிலும் மக்கள் அன்றாடம் உடுத்தமையால் அது அவர்க்குரியதாயிற்று. களிகம்பும் பக்கீர் பாவாக்களின் றபானும் அவ்வாறே.

ஆதலின், ஒரு மரபை ஆராய்வோர் அது எத்துணைப் பழைமையானது என வினவுவதோடு அமைதல் போதாது. அதனை எவர் தடுத்தனர், எவர் எத்தேவைக்காக அனுமதித்தனர், தடைக்காலத்திலும் எவர் கைவிடாது காத்தனர் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். பரங்கிப்பேட்டைக் குழலோசை உணர்த்தும் பாடம் இதுவே.