எடையும் அதிகாரமும்: உருட்டாலை எந்திரங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

உருக்கின் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் நெருப்பின் வரலாற்றைத்தான் எழுதியிருக்கிறார்கள். பெஸ்ஸெமர் உலை, சீமன்ஸ் உலை, கரியின் அளவு, காற்றின் அழுத்தம் என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. உலையிலிருந்து வெளியே வந்த சிவந்த கட்டியை யார் நகர்த்தினார்கள், எதைக்கொண்டு நகர்த்தினார்கள் என்ற கேள்விக்கு அடிக்குறிப்பில்தான் இடம். நகர்த்துவது கூலியாள் வேலை, அதில் என்ன பெரிய வரலாறு இருக்கு என்கிற மனோபாவம் இது. உருக்குவதை அறிவாகவும் சுமப்பதை வெறும் உடம்பாகவும் பார்க்கிற இந்தப் பிரிவினை நமக்கு ஒன்றும் புதிதல்ல.

இந்தக் குறிப்புகள் 1857க்கும் 1906க்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில், முக்கியமாக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து உருட்டாலைகளில் நடந்த மாற்றத்தைப் பற்றியவை. கனத்த உலோகத் துண்டுகளைத் தூக்குவது, தள்ளுவது, புரட்டுவது ஆகிய வேலைகள் மனித உடலிலிருந்து எந்திரத்துக்குப் போயின. அதோடு சேர்ந்து, வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கிற உரிமையும் கைமாறியது. இந்த இரண்டையும் ஒரே நிகழ்வாகப் பார்ப்பதா, பிரித்துப் பார்ப்பதா என்பதுதான் பிரச்சனை.

எந்திரம் நடுநிலையானது, உடைமை மட்டும் மாறினால் போதும் என்பது நம்மிடையே புழங்கும் ஒரு பதில். எந்திரமே முதலாளியின் சூழ்ச்சி என்பது இன்னொரு பதில். இரண்டுமே எடையைத் தூக்கிப் பார்க்காதவர்களின் பதில்கள் என்று எனக்குப் படுகிறது.

2

கரும்புச்சாறு பிழிகிற மிஷினைப் பார்த்தவர்களுக்கு உருட்டாலையை விளக்க வேண்டியதில்லை. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள். இந்தப் பக்கம் கரும்பை விட்டால் அந்தப் பக்கம் சப்பையாக வெளியே வரும். அதை எடுத்து, மடித்து, மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்து விட வேண்டும். உருளை ஒரு திசையில்தான் சுற்றும் என்பதால் கொண்டுவருகிற வேலை கடைக்காரரின் கைக்கு. உருட்டாலையிலும் இதே கதைதான். கரும்புக்குப் பதில் 1,000 டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்பு. 30 அடி நீளத் தண்டவாளம் ஒன்று அந்தக் காலத்து அளவில் ஏறக்குறைய கால் டன் எடை. ஒவ்வொரு தடவையும் உருளைக்குப் பின்னால் நிற்பவர்கள் அதைக் குறட்டால் பிடித்து, மேலுருளையின் முதுகுக்குத் தூக்கி, முன்பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வரும் வழியில் இரும்பு உருமாறுவதில்லை, ஆறிப்போவது மட்டுமே நடக்கும். ஆறினால் உடையும், விரிசல் விடும். ஆகவே ஓட்டம், அவசரம், தீக்காயம்.

இந்த வெற்றுப் பயணத்தை ஒழித்தவர் ஜான் ஃப்ரிட்ஸ். பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரத்துக் கேம்ப்ரியா இரும்பாலையில் 1857இல் மூன்று உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தண்டவாளம் உருட்டிக் காட்டினார். கீழ் இரண்டு உருளைகளுக்கு நடுவே போகிற இரும்பு, மேல் இரண்டுக்கு நடுவே திரும்பி வரும். போகும்போதும் வேலை, வரும்போதும் வேலை. சாதாரண யோசனைதான். ஆனால் வரலாற்றாசிரியர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று இதில் இருக்கிறது. வெற்றுப் பயணம் ஒழிந்ததே தவிர தூக்கும் வேலை ஒழியவில்லை. கீழ்வழியில் வெளியே வந்ததை மேல்வழியின் உயரத்துக்கு ஏற்றித்தானே ஆக வேண்டும்? அதற்கு, மேலே தண்டிலிருந்து சங்கிலியில் தொங்கும் கொக்கிகளையும் நெம்புகோல்களையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். எந்திரத்தின் வேகம் கூடிவிட்டது, அந்த வேகத்துக்குத் தூக்க வேண்டியவன் மனிதனாகவே இருந்தான். கொக்கிக்காரனின் வேலை குறையவில்லை, நெருக்கப்பட்டது. எந்திரம் பாதியில் நிற்கிற கட்டத்தில் உடம்புக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

கொக்கிக்காரர்களுக்கு மேலே தலைமை உருட்டாள். அவர் கூலி வாங்குவது நாள் கணக்கில் அல்ல, டன் கணக்கில். பல ஆலைகளில் தன் உதவியாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களுக்குப் பங்கு கொடுப்பதும் அவர்தான். எத்தனை முறை உருட்டுவது, எப்போது நிறுத்துவது என்பது அவருடைய கண்ணிலும் கைப்பழக்கத்திலும் இருந்த அறிவு. 1876இல் அமைந்த இரும்பு உருக்குத் தொழிலாளர் ஒன்றிணைந்த சங்கம் இப்படிப்பட்ட திறனுள்ள தொழிலாளர்களின் சங்கம். கூலியாட்களுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. கருப்பினத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொள்வதிலும் அது தயக்கம் காட்டியது. குறடு பிடித்த காலத்தைப் பொற்காலமாகப் பாடுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பாட வேண்டும்.

3

அடுத்த நகர்வு ஜானின் தம்பி ஜார்ஜ் ஃப்ரிட்ஸினுடையது. அதே கேம்ப்ரியா ஆலையில் 1870களின் தொடக்கத்தில் பெஸ்ஸெமர் உருக்குக் கட்டிகளை உருட்டுவதற்காக அவர் அமைத்த ஆலையில் உருளைகளுக்கு முன்னும் பின்னும் மேசைகள் இருந்தன. மேசை என்றால் பலகை அல்ல. வரிசையாகப் பதித்த சிறு உருளைகள், எந்திர விசையால் சுழல்பவை. கட்டியை வைத்தால் அதுவே ஊர்ந்து போய் உருளையின் வாய்க்குள் நுழையும். மறுபக்க மேசை அதை வாங்கிக்கொண்டு மேலே எழும்பித் திருப்பி அனுப்பும். கட்டியை ஒரு பக்கமாகவே நசுக்க முடியாது, தொண்ணூறு பாகை புரட்ட வேண்டும். அதற்கு மேசைக்கு அடியில் நிமிர்ந்த இரும்பு விரல்கள். மேசை கீழே இறங்கும்போது அவை இடுக்குகளின் வழியாக மேலே நீட்டி, கட்டியின் ஓரத்தில் மாட்டி அதைக் கவிழ்க்கும். பிறகு பக்கவாட்டில் தள்ளி அடுத்த பள்ளத்துக்கு நேராக நிறுத்தும். 1880களில் ட்ராய் நகரத்தில் ராபர்ட் ஹன்ட்டும், பிராடக் ஊரின் எட்கர் தாம்சன் ஆலையில் வில்லியம் ஜோன்ஸும் இதே முறையைத் தண்டவாள உருட்டலுக்குக் கொண்டுவந்தார்கள். கொக்கி பிடித்து நின்ற வரிசை களத்திலிருந்து காணாமல் போனது.

இந்தப் புரட்டும் எந்திரத்துக்கு ஆங்கிலத்தில் மேனிப்புலேட்டர் என்று பெயர். லத்தீனில் கையைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. தொழிலாளர்களை ‘கைகள்’ என்றே குறிப்பிட்டுவந்த மொழி அது. எத்தனை கைகள் வேலையில் இருக்கின்றன என்றுதான் கணக்கு. கைகளை வெளியே அனுப்பிவிட்டு எந்திரத்துக்குக் கையின் பெயரை வைத்தார்கள். தமிழில் ‘கையாள்’ என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. வினையாக வரும்போது ஆளுமை, பெயராக வரும்போது அடிமை. பொருளைக் கையாள்பவனும் எசமானின் கையாளும் ஒரே ஒலியில் நிற்கிறார்கள். உருட்டாலையில் கையாளத் தெரிந்தவன் கையாளாக மாறிய கதையைச் சொல்ல இந்த இரட்டைப் பொருளே போதும்.

எந்திரத்தை இயக்க ஓரிருவர் தேவைப்பட்டார்கள். களத்துக்கு மேலே உயரத்தில் ஒரு சிறு மேடை, அதில் லீவர்கள். அந்த மேடையை ஆலைக்காரர்கள் பல்பிட் என்று அழைத்தார்கள், பாதிரியார் ஏறிப் பிரசங்கம் செய்கிற அதே பல்பிட். கீழே வெப்பத்தில் புழுங்கிய உடல் மேலே போனது, மேலே போனதால் பார்வை கிடைத்தது. ஆனால் பிரசங்கத்தின் வாசகம் அவனுடையதல்ல. உருளையின் வேகமும் முறைகளின் எண்ணிக்கையும் பொறியாளர் அலுவலகத்தில் எழுதப்பட்டு வந்தன.

மான்செஸ்டரிலிருந்து அமெரிக்க ஆலைகளை ஆராயப் போன ஃபிராங்க் பாபிள்வெல் 1906இல் வெளிவந்த அறிக்கையில், நாளொன்றுக்கு 3,000 டன் தண்டவாளம் உருட்டும் ஆலையின் களத்தில் ஒரு டஜன் ஆட்களைக்கூடப் பார்க்க முடியாது என்று பதிவு செய்கிறார். எழும்பித் தாழும் மேசைகள், ஓடும் உருளைகள், மேலே நகரும் கிரேன்கள் என்று அவர் அடுக்குகிற பட்டியலில் எல்லாமே நகர்த்துகிற சாதனங்கள்தான்.

4

சரி, இரும்பு தூக்கற வேலை மிஷினுக்குப் போயிட்டா மனுஷனுக்கு நல்லதுதானே? நல்லதுதான். இதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். உருக்குக் கட்டிகள் டன் கணக்கில் வளர்ந்துகொண்டிருந்தபோது எந்தக் குறடும் எந்தத் தோளும் தாங்கியிருக்காது. கேத்தரின் ஸ்டோன் 1974இல் எழுதிய கட்டுரை, உருக்காலைகளின் வேலைப் படிநிலைகளைத் தொழில்நுட்பத்தின் இயல்பான விளைவாக அல்லாமல் அதிகாரத்தின் ஏற்பாடாகப் படிக்கக் கற்றுத்தந்தது. அதே ஆண்டு வந்த ஹாரி பிரேவர்மேனின் நூலும் அப்படியே. இந்த வாசிப்புகள் இல்லாமல் நாம் இந்த வரலாற்றைப் பேசவே முடியாது. ஆனால் எல்லாவற்றையும் திறன் பறிப்பாக மட்டும் படிக்கும்போது கொக்கிக்காரனின் இடுப்பு விடுபட்டுப் போகிறது. அவனிடமிருந்து பறிக்கப்பட்டது திறன் மட்டுமல்ல, பாரமும்தான்.

தொழிலாளர்களுக்கே இது தெரிந்திருந்தது. கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892இல் வெடித்த போராட்டத்தை எந்திர எதிர்ப்பாகச் சிலர் சித்திரிப்பதுண்டு. ஆவணம் அப்படிச் சொல்லவில்லை. 1889இல் போடப்பட்ட மூன்றாண்டு ஒப்பந்தம் 1892 ஜூன் 30ஆம் தேதி முடிந்தது. புதிய ஒப்பந்தத்துக்கு ஹென்றி ஃப்ரிக் முன்வைத்த நிபந்தனைகளில் ஒன்று, மேம்பட்ட எந்திரங்கள் வந்துவிட்ட பிரிவுகளில், குறிப்பாக 119 அங்குலத் தகட்டு ஆலையிலும் 32 அங்குலப் பலகை ஆலையிலும், டன் கூலியைக் குறைக்க வேண்டும் என்பது. அவர் தர்க்கம் எளிமையானது: எந்திரம் வந்ததால் டன் கூடியிருக்கிறது, எந்திரம் எங்களுடையது, கூடிய டன்னும் எங்களுடையது. சங்கத்தின் தர்க்கமும் எளிமையானது: கூடிய டன்னை உருட்டுவது நாங்கள், அந்த வேகத்துக்கு நிற்பது எங்கள் உடம்பு. எந்திரத்தை உடை என்று இவர்கள் கேட்கவில்லை. எந்திரம் மிச்சப்படுத்தியது யாருக்குச் சேரும் என்றுதான் கேட்டார்கள்.

கூலிக்குறைப்பு நேரடியாகத் தொடுவது 3,800 பேரில் 325 பேரைத்தான் என்று நிர்வாகம் சொன்னது. அப்படியானால் சங்கத்தில் இடமில்லாத கூலியாட்கள் ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. திறனற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தார்கள். ஜூலை 6ஆம் தேதி மொனோங்கஹீலா ஆற்றின் வழியே படகுகளில் வந்த சுமார் 300 பிங்கர்ட்டன் அடியாட்களோடு கரையில் மோதினார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பிறகு மாநிலத்தின் படை வந்தது. சங்கம் முறிக்கப்பட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய உருக்குக் கம்பெனி ஒரு தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சான்று எட்கர் தாம்சன் ஆலை. 1870களின் இறுதியில் ஜோன்ஸ் அங்கே 12 மணி நேரத்தை 8 மணி நேரமாக்கினார். இரத்தமும் சதையும் 12 மணி நேரத்தைத் தாங்காது என்பது அவருடைய வாதம். இதே ஜோன்ஸ்தான் உருளைகளுக்கு ஊட்டும் மேசைகளுக்குக் காப்புரிமை வாங்கியவர். மேசைகள் வந்த அதே பத்தாண்டில், 1888இல், கார்னகி பிங்கர்ட்டன் காவலோடு 12 மணி நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். தூக்கும் பாரம் இறங்கியது, நேரத்தின் பாரம் ஏறியது. பாரமான வேலையாயிருந்தால் 12 மணி நேரம் நிற்க வைப்பது கடினம். லேசான வேலைக்கு என்ன கேடு, நின்றால் என்ன? எந்திரம் எடுத்துக்கொண்ட பாரம் நீண்ட வேலை நாளுக்கான நியாயமாகத் திருப்பித் தரப்பட்டது. அமெரிக்க உருக்குத் தொழிலில் 12 மணி நேர நாள் 1923இல்தான் கைவிடப்பட்டது.

5

எடை எல்லா இடத்திலும் எந்திரத்துக்குப் போகவும் இல்லை. ஜான் ஃப்ரிட்ஸ் பின்னாளில் பொறுப்பேற்ற பெத்லஹேம் ஆலையில் 1891இல் 125 டன் நீராவிச் சம்மட்டி நிறுவப்பட்டது. உலகமே வந்து பார்த்தது. அதே கம்பெனியின் முற்றத்தில் 1899இல் ஃப்ரெடரிக் டெய்லர், சுமார் 42 கிலோ வார்ப்பிரும்புத் துண்டுகளை ஆட்கள் கையால் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றுவதைக் கடிகாரம் வைத்து அளந்துகொண்டிருந்தார். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 12½ டன் என்பதை 47½ டன் ஆக்கிக் காட்டினார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. எந்திரம் லாபமாகிற இடத்தில் எந்திரம். உடம்பு மலிவாகக் கிடைக்கிற இடத்தில் உடம்பையே எந்திரமாக்கு. விஞ்ஞான நிர்வாகம் என்று நமக்குப் பாடமாகச் சொல்லித்தரப்பட்டது இதுதான்.

இந்த இரட்டை முற்றம் கடல் கடந்து இங்கேயும் வந்தது. பிட்ஸ்பர்க் பொறியாளர்கள் வடிவமைத்த ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையில் முதல் உருக்குக் கட்டி 1912 பிப்ரவரியில் வந்தது. ஆலைக்குள்ளே விசையால் ஓடும் உருளைகளும் கிரேன்களும். வெளியே, சோட்டா நாக்பூரின் ஆதிவாசிப் பெண்களும் ஆண்களும் தலையில் கூடையோடு. இது வளர்ச்சி எட்டாத மிச்சசொச்சம் அல்ல. சுமப்பதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள் என்று நம்பவைக்கிற ஒரு சமூகத்தில், கிரேனின் விலையைக் கூடையின் விலையோடு ஒப்பிட்டு எடுத்த முடிவு. ஆலை விரிவாக்கத்துக்குப் பின் 1928இல் அங்கே நடந்த நீண்ட போராட்டத்தின் மையத்தில் ஆட்குறைப்பு இருந்தது. சுபாஷ் சந்திர போஸ் வந்து பேச வேண்டியிருந்த போராட்டம் அது. உள்ளே இருந்தவனுக்கு எந்திரம் வந்ததால் வேலை போகும் பயம், வெளியே இருந்தவளுக்கு எந்திரம் வராததால் கழுத்து ஒடியும் வலி. இந்த இரண்டு பேரையும் ஒரே கோரிக்கையில் கொண்டுவர நம் தொழிற்சங்க அரசியல் முயன்றதாகச் சொல்ல முடியுமா?

எந்திரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை நாம் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம். ஹோம்ஸ்டெட் தொழிலாளர்கள் 1892இலேயே அதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் தோற்றார்கள், கேள்வி தோற்கவில்லை. ஒரு பாரத்தை எந்திரம் இறக்கி வைக்கும்போது மிச்சமான நேரம் யாருக்கு, கூடிய டன் யாருக்கு, இறக்கப்படாத பாரம் இன்னும் யார் தலையில்? உள்ளே நிற்பவர்கள் முதல் இரண்டையும் கேட்கத் தெரிந்தவர்கள். மூன்றாவதை வெளியே கூடையோடு நிற்பவள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவளுக்குச் சங்கத்தில் இடம் இல்லாதவரை முதல் இரண்டுக்கும் பதில் கிடைக்கப் போவதில்லை.