ஒருத்தர் ஜெயிக்க ஏழு பேர் மிதிக்கணும்! - டூர் டி பிரான்ஸ் ரசிகர்களின் தீராத பஞ்சாயத்துகள்

2023 செப்டம்பர் 13. ஸ்பெயினின் ஆங்லிரு மலை. நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும் ஏற்றம். சில இடங்களில் சரிவு 20 சதவிகிதத்தையும் தாண்டும். 'வுவெல்டா' சைக்கிள் பந்தயத்தின் 17-வது நாள். முன்னணியில் போகிறவர்களில் மூன்று பேர் ஒரே அணி, ஜம்போ-விஸ்மா. அவர்களில் ஒருவர் அமெரிக்கரான செப் கஸ். மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவருக்கான சிவப்பு ஜெர்ஸி அவர் உடம்பில்தான் இருக்கிறது.

உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். கஸ்ஸின் வேகம் குறைகிறது. கூட வந்த இருவரும் காத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. பிரிமோஸ் ரோக்லிச்சும் யோனாஸ் விங்ககோவும் அவரை விட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். அன்றைய தினம் முடிந்தபோது கஸ்ஸிடம் மிச்சமிருந்த முன்னிலை வெறும் 8 விநாடிகள்!

உலகம் முழுக்க சைக்கிள் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். "சொந்த டீம் ஆளையே கவுக்கலாமா?" என்று ஒரு கூட்டம். "பலசாலி ஜெயிக்கட்டும், இதுல என்ன தப்பு?" என்று இன்னொரு கூட்டம். இந்தச் சண்டை ஏன் இவ்வளவு பெரிதானது என்று புரிய வேண்டுமானால், முதலில் இந்த விளையாட்டின் அடிப்படையைப் பார்த்துவிடலாம் வாங்க.

எல்லாம் காத்து பண்ற வேலை!

எதிர்காத்தில் சைக்கிள் மிதித்த அனுபவம் உங்களுக்கு இருக்குமே? அதுதான் விஷயம். சமதரையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வீரரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால், காற்றை ஜெயிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும்.

ஆனா, முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் கதையே வேறு. காத்தை அவர் வாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். மொத்தக் கூட்டத்தையும் 'பெலோட்டான்' என்பார்கள். அதன் நடுவில் பாதுகாப்பாக ஒளிந்துகொண்டால், தனியாகப் போகிறவர் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவிகிதம்தான் இருக்கும் என்று 2018-ல் வெளியான பெர்ட் பிளாக்கன் குழுவின் ஆய்வு சொன்னது.

டூர் டி பிரான்ஸ் 21 கட்டங்கள். சுமார் 3,400 கி.மீ. நடுவில் இரண்டு நாள்தான் ஓய்வு. இவ்வளவு தூரத்தையும் தனியாகக் காத்தை எதிர்த்து மிதித்து யாராலும் ஜெயிக்க முடியாது. அதனால்தான் ஒரு அணிக்கு எட்டுப் பேர். தலைவர் ஒருவர். மற்ற ஏழு பேரும் வடம் பிடிக்க, அவர் தேரில் வருவார்!

'வேலைக்காரன்' என்ற பட்டம்

தலைவருக்காக உழைப்பவருக்கு 'டொமெஸ்டிக்' என்று பெயர். பிரெஞ்சில் இதற்கு வீட்டு வேலைக்காரர் என்று அர்த்தம். டூர் டி பிரான்ஸை 1903-ல் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி டெகிராஞ்ச், 1911-ல் மோரிஸ் ப்ரோக்கோ என்ற வீரரைத் திட்டுவதற்காகப் பயன்படுத்திய வார்த்தை இது. இன்றைக்கு அதுவே மரியாதையான பதவி ஆகிவிட்டது.

இவர்களின் வேலை என்ன? பின்னால் வரும் டீம் காருக்குப் போய், தண்ணீர் பாட்டில்களை ஜெர்ஸிக்குள் திணித்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். தலைவரைக் காத்து படாமல் அழைத்துப் போக வேண்டும். தலைவரின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தை, தேவைப்பட்டால் சைக்கிளையே கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்க வேண்டும்.

1934-ல் இதுதான் நடந்தது. பிரான்ஸ் அணியின் ரெனே வியெட்டோவுக்கு அப்போது 20 வயதுதான். மலைகளில் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார். பிரனீஸ் மலை இறக்கத்தில் தலைவர் அன்டோனின் மாஞ் விழுந்தபோது, தன் முன்சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை ஒரு கல்சுவரில் உட்கார்ந்து அழுதார். அந்தப் புகைப்படம் இன்றைக்கும் பிரபலம். அடுத்த நாளே மாஞ்சுக்கு மறுபடியும் சிக்கல். முன்னால் போய்க்கொண்டிருந்த வியெட்டோ திரும்பி வந்து, இந்த முறை சைக்கிளையே கொடுத்தார். மாஞ் டூரை ஜெயித்தார். வியெட்டோவுக்கு ஐந்தாம் இடம். கடைசிவரை அவரால் டூரை ஜெயிக்கவே முடியவில்லை.

டூர் சாம்பியனுக்குக் கிடைக்கும் 5 லட்சம் யூரோவை அவர் தன் அணியினரோடு பங்கிட்டுக்கொள்வது வழக்கம். பணத்தைப் பங்கு போடலாம். மஞ்சள் ஜெர்ஸியை?

டி.வி-யில் பார்க்கும்போது கவனிக்க வேண்டிய 4 உத்திகள்

1. ரயில் ஓட்டுவது: மலை அடிவாரத்தில் ஒரே அணியின் நான்கைந்து பேர் வரிசையாக முன்னால் வந்து வேகமாக மிதித்தால், மற்றவர்களைத் திணறடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொருவராக சக்தி தீர்ந்து ஒதுங்குவார்கள். கடைசியில் தலைவர் மட்டும் மிஞ்சுவார். 2010-களில் ஸ்கை அணி இதில் கில்லாடி. "போரடிக்குது" என்று ரசிகர்கள் திட்டியதும் அவர்களைத்தான்.

2. மாத்தி மாத்தி அடி: 2022 டூரின் 11-வது கட்டம் இதற்குப் பாடம். கலிபியே மலையில் ரோக்லிச்சும் விங்ககோவும் மாறி மாறித் தாக்கினார்கள். இரண்டு பேரையும் துரத்த வேண்டிய கட்டாயம் தடே பொகாச்சருக்கு. அடுத்து வந்த கிரனோன் மலையில் பொகாச்சர் சோர்ந்துபோனார். அன்று மட்டும் கிட்டத்தட்ட 3 நிமிடங்களை இழந்தார். மஞ்சள் ஜெர்ஸி கைமாறியது, அந்த வருட டூரும் விங்ககோவுக்கே!

3. பக்கக் காத்து: காத்து பக்கவாட்டில் அடித்தால், வீரர்கள் ரோட்டின் குறுக்கே சாய்வான வரிசையில் ஒருவர் மறைவில் ஒருவராகப் போவார்கள். ரோட்டின் அகலம் தீர்ந்ததும் அடுத்த ஆளுக்கு மறைவு கிடைக்காது. கூட்டம் துண்டு துண்டாக உடையும். மலையே இல்லாத நாளில்கூட ஒருவரின் கனவு இப்படி முடிந்துபோகலாம்.

4. முன்கூட்டியே ஆள் அனுப்புவது: காலையில் தப்பித்து முன்னால் ஓடும் சிறு கூட்டத்தில் அணியின் ஒருவர் இருப்பார். 'ஜெயிக்கவா போறார்?' என்று நினைப்போம். மாலையில் தலைவர் தாக்கி முன்னேறி வரும்போது, அவர் அங்கே காத்திருந்து இழுத்துச் செல்வார்!

காத்திருக்கணுமா, வேண்டாமா?

ஆங்லிரு மட்டுமில்லை. 2024-ல் பெண்களுக்கான டூரிலும் இதே பஞ்சாயத்து. ஐந்தாவது கட்டத்தில், இறுதிக் கோட்டுக்கு சுமார் 6 கி.மீ. முன்னால், மஞ்சள் ஜெர்ஸியில் இருந்த டெமி ஃபொலெரிங் விழுந்தார். சமதரைக் கட்டங்களில் கடைசி 3 கி.மீ-க்குள் விழுந்தால் நேர இழப்பு கிடையாது என்று விதி உண்டு. அவர் விழுந்ததோ அதற்கு முன்னாடி. கிட்டத்தட்டத் தனியாகவே அவர் போராடிக்கொண்டிருக்க, முன்னால் அதே அணியின் பிளாங்கா வாஸ் அந்தக் கட்டத்தை ஜெயித்தார். மஞ்சள் ஜெர்ஸி காஷா நிவியாடோமாவிடம் போனது.

கடைசி நாளில் ஆல்ப் டுயெஸ் மலை உச்சியில் ஃபொலெரிங்தான் முதலில் வந்தார். ஆனா, மொத்தக் கணக்கில் 4 விநாடிகளில் டூரைத் தவறவிட்டார். அன்று யாராவது கூட நின்று இழுத்திருந்தால்? இந்தக் கேள்வியை ரசிகர்கள் இன்னும் விடவில்லை.

சீட் வலித்தால் சாம்பியன் பட்டமும் போகும்!

ரசிகர்களின் அடுத்த சண்டை சொகுசு பற்றியது. "புரொஃபஷனல்னா வலியைத் தாங்கணும்" என்பது பழைய கட்சி. அதற்குப் பதிலாக ஒரு வரலாறு இருக்கிறது.

1989 டூர். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயம். லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். ஆனால், சீட்டில் உரசி உரசி வந்த புண் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. கிரெக் லெமாண்டோ முன்னால் நீண்ட புதுவகை ஹேண்டில்பாரில் கைகளை வைத்து, காற்றுக்கு உடலைக் குறுக்கிப் பறந்தார். முடிவு? லெமாண்ட் 8 விநாடிகளில் சாம்பியன். ஹேண்டில்பார்தான் காரணமா, புண்தான் காரணமா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது.

வயிறும் விட்டுவைக்காது. 2017 ஜிரோ டி இத்தாலியாவில் முதலிடத்தில் இருந்த டாம் டூமுலா, 16-வது கட்டத்தில் வயிறு கலக்கி, ரோட்டோரம் ஒதுங்கினார். இரண்டு நிமிடங்களுக்கும் மேல் போச்சு. ஆனாலும், மிச்ச முன்னிலையைக் காப்பாற்றிக்கொண்டார். இடையில் ஜெர்ஸி கைமாறியபோதும் கடைசி நாளில் மீட்டு, 31 விநாடிகளில் பட்டம் ஜெயித்தார்.

டயர் விஷயத்தில் சொகுசுக் கட்சியே ஜெயித்துவிட்டது. ஒரு காலத்தில் 23 மி.மீ. டயரில் கல்லு மாதிரி காத்தடித்து ஓட்டினார்கள். இப்போது 28 மி.மீ., அதற்கும் அகலமான டயர்கள், குறைவான காத்து. காரணம் எளிமையானது. கரடுமுரடான ரோட்டில் இறுக்கமான டயர் குதிக்கும். ஒவ்வொரு குதியிலும் முன்னால் போக வேண்டிய சக்தி, உடம்பை உலுக்குவதில் வீணாகும். கொஞ்சம் மெத்தென்ற டயர் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். சொகுசுதான் இங்கே வேகம்!

உட்காரும் விதத்துக்கும் இதே கணக்கு. குனிந்தால் காத்து குறைவாகப் படும், உண்மைதான். ஆனா, ஐந்து மணி நேரம் அப்படிக் குனிய முடியாவிட்டால் என்ன பயன்? தாங்கக்கூடிய நிலைதான் வேகமான நிலை.

உங்க சைக்கிளுக்கும் இது உதவும்!

* சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். முட்டி வலிக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

* குஷன் மோகம் வேண்டாம்: நீண்ட தூரத்துக்குத் தடிமனான பஞ்சு சீட் நல்லதல்ல. அதில் அமுங்கி, உரசல்தான் கூடும். உங்கள் இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்தும் சீட் போதும்.

* பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ்: உள்ளாடை இல்லாமல் அணிவதற்காகவே தைக்கப்பட்டது. உள்ளாடையின் தையல் உரசினால் புண் வரும். ஒவ்வொரு முறையும் துவைத்துவிட்டே மறுபடி போடுங்கள்.

* காத்து: டயரின் ஓரத்தில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதுவரைக்கும் அடிக்கணும்னு கட்டாயம் இல்லை.

* மரத்துப்போனால்: கையோ, தொடை இடுக்கோ மரத்துப்போனால் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அவ்வப்போது எழுந்து நின்று மிதியுங்கள், பிடியை மாற்றுங்கள். சீட்டைச் சரிசெய்தும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

* நண்பர்களோடு போகும்போது: ஒருவர் பின்னால் ஒருவராக, முறை வைத்து முன்னால் வாருங்கள். போக்குவரத்து உள்ள ரோட்டில் சக்கரத்தை ஒட்டிப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, கஸ் என்ன ஆனார்?

ரோக்லிச் 2019, 2020, 2021 என மூன்று வுவெல்டாக்களை ஜெயித்தபோது மலைகளில் அவருக்காக மிதித்தவர் கஸ். விங்ககோ 2022, 2023 டூர்களை ஜெயித்தபோதும் அவரே. 2023-ல் மட்டும் ஜிரோவில் ரோக்லிச்சுக்காகவும், டூரில் விங்ககோவுக்காகவும் உழைத்துவிட்டு, மூன்றாவதாக வுவெல்டாவுக்கு வந்திருந்தார்.

எதிர்க்கட்சியின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆறாவது கட்டத்தில் கஸ் முன்னால் ஓடியபோது, 'இவர் உதவியாளர்தானே' என்று மற்ற அணிகள் விட்டுவிட்டன. அங்கே கிடைத்த நேரம்தான் அவரை முன்னிலைக்குக் கொண்டு வந்தது. 'பரிசாகக் கொடுத்தால் அது பட்டமா?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனா, அந்த நேரத்தைத் தனிநபர் பந்தயத்திலும் மலைகளிலும் பறிகொடுக்காமல் காப்பாற்றியது அவருடைய கால்கள்தானே?

ஆங்லிருவுக்குப் பிறகு அணி கஸ்ஸுக்குப் பின்னால் நின்றது. இரண்டு டூர்களை ஜெயித்த விங்ககோவும், மூன்று வுவெல்டாக்களை ஜெயித்த ரோக்லிச்சும் இப்போது அவருக்குக் காவல். மாட்ரிட்டில் பந்தயம் முடிந்தபோது கஸ் முதலிடம், விங்ககோ 17 விநாடி பின்னால் இரண்டாமிடம், ரோக்லிச் மூன்றாமிடம்.

அடுத்த ஜூலையில் டூர் பார்க்கும்போது, ஒரு மலையின் பாதியில் வேலை முடிந்து, பல்லைக் கடித்தபடி ஓரமாக ஒதுங்கும் ஒருவரைக் கேமரா ஒரு விநாடி காட்டும். அவர் பெயர் என்னவென்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. ஆங்லிருவில் ரோக்லிச் இடத்தில் நீங்க இருந்தா காத்திருப்பீங்களா, மிதிப்பீங்களா?