திரைப்பாடமும் கையில் இருக்கும் தரவும்

கதிர்காமத்து அரசு மருத்துவக் கல்லூரியிலோ, புதுச்சேரியைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரிகளிலோ எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் புள்ளியியலை முதலில் முறையாகச் சந்திப்பது பெரும்பாலும் கணினித் திரையில்தான். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல் வழியாக நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் அது. 2019-இல் மருத்துவக் கவுன்சில் இதை மேற்படிப்பு மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 'சார்ட் ஐடி' என்ற செயல்முறை ஆராய்ச்சிப் பயிற்சி. 2009-இல் பாரிஸில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய இதில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் சமூக மருத்துவத் துறை ஆசிரியர்களும் வழிகாட்டிகளாக இருந்திருக்கிறார்கள். சில நாள் வகுப்புகள் மூன்று கட்டமாக நடக்கும்: முதலில் ஆய்வுத் திட்டம், பிறகு தரவு, கடைசியில் கட்டுரை. கெடு தவறினால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

திரைப்பாடத்தின் பலம் அதன் வீச்சு. வார்டு டியூட்டி முடிந்து இரவில் கேட்கலாம். காசு செலவழித்து வெளியூர் போக வேண்டாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அடிப்படையைத் தருவதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை. ஆனால் தேர்வில் வருபவை கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சாம்பிள் சைஸ் சூத்திரம் அங்கே மனப்பாடமாகிறது. 30 சதவீதத் தொற்றை ஒரு சிகிச்சை 20 சதவீதமாகக் குறைக்கிறதா என்று பார்க்க, வழக்கமான அளவுகோல்படி ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய 290 பேர் வேண்டும். இது தன் தீசிஸுக்கும் பொருந்தும் என்பது, 60 பேரோடு ஆய்வை முடித்துப் புள்ளியியலாளர் முன் உட்காரும்போதுதான் பலருக்கு உறைக்கிறது. அப்போது அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை.

சார்ட் ஐடியில் இந்தக் கணக்கு முதல் கட்டத்திலேயே, அவரவர் கேள்வியை வைத்தே போடப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் டென்மார்க்கில் உருவான 'எபிடேட்டா' என்ற இலவச மென்பொருள். வயதுக் கட்டத்துக்கு எல்லை குறித்துவிட்டால் அதற்கு மேல் எண்ணை ஏற்காது. ஒரே படிவத்தை இருவர் தனித்தனியாகப் பதிவார்கள். வேறுபடும் இடங்களை மென்பொருள் காட்டிக்கொடுக்கும். சலிப்பான வேலைதான். ஆனால் 50 நோயாளிகளில் இருவருக்கு வயது தெரியாமல் 999 என்று பதிந்து, அதை விலக்க மறந்தால், 40 ஆக இருக்க வேண்டிய சராசரி 78 ஆகிவிடும். இதைத் தன் தரவில் பார்த்தவருக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

இதன் குறை, இடம் சிலருக்கே என்பது. ஒவ்வொரு குழுவுக்கும் அனுபவமுள்ள வழிகாட்டிகள் மாதக்கணக்கில் நேரம் ஒதுக்க வேண்டும். எல்லா மாணவருக்கும் இதை விரிக்க முடியாது.

என்றாலும் அதன் முதல் கட்டத்தையாவது எடுத்துக்கொள்ளலாம். கோரிமேட்டில் ஜிப்மர், அருகே நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், காலாப்பட்டில் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை என்று ஆள்பலம் இந்தச் சின்ன ஊரிலேயே இருக்கிறது. திரைப்பாடம் முடித்த மாணவர்கள், நெறிமுறைக் குழுவுக்குத் திட்டத்தை அனுப்பும் முன், அந்தக் காகிதத்தோடு இரண்டு நாள் இவர்களோடு உட்கார வேண்டும். சாம்பிள் சைஸும் தரவுப் படிவமும் அங்கே திருத்தப்பட வேண்டும். முதல் நோயாளி சேர்ந்த பிறகு நடத்தும் பி-வேல்யூ ஒர்க்‌ஷாப்புக்குச் செலவாகும் பணமே இதற்குப் போதும்.