வடுவூராரும் காவிரிக்கரை வாசகரும்

தமிழ் நாவல் வரலாற்றை எழுதியோர் ஆசிரியர்களுக்கு அளித்த இடத்தில் ஒரு சிறு பங்கையேனும் வாசகர்களுக்கு அளித்தாரில்லை. அதிலும் துப்பறியும் நாவல்களையும் மர்ம நாவல்களையும் விரும்பிப் படித்தவர்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. அவர்கள் படித்த நூல்கள் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரே சொல்லில் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் படித்து அவர்கள் அஞ்சியதும் அழுததும் யாராலும் குறித்து வைக்கப்படவில்லை. ஆயினும் அவ்வுணர்வுகளின் தடங்கள் மேடையிலும் திரையிலும், கண்டித்தவர்களின் எழுத்திலும், கேலி செய்தவர்களின் எழுத்திலுங்கூடச் சிதறிக் கிடக்கின்றன. தஞ்சைத் தரணியில் அத்தடங்களைத் தேடப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படும் ஊர் வடுவூர்.

மன்னார்குடியை அடுத்த வடுவூரை இன்று ஏரிக்கு வரும் பறவைகளுக்காகவும் கோதண்டராமர் அழகுக்காகவும் அறிந்திருப்போர் பலர். அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு ஒட்டித் தமிழகம் எங்கும் பரப்பியவர் கே. துரைசாமி ஐயங்கார் (1880 - 1942). தாசில்தாராகப் பணியாற்றிப் பின் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். அந்நாளில் வடுவூர் பழைய தஞ்சை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1997இல் பிரிந்த திருவாரூர் மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது.

துப்பறியும் கதை தமிழுக்கு அவர் கொண்டுவந்த புதுமையன்று. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ கதைகள் 1894லேயே நூலாயின. ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்சின் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார், ஜே. ஆர். ரங்கராஜு ‘இராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’ முதலியவற்றால் புகழ் பெற்றார். மடங்கள் மலிந்த காவிரிக்கரையில், மடாதிபதி ஒருவரின் ஒழுக்கக்கேட்டைக் காட்டிய ‘சந்திரகாந்தா’ எத்தகைய சுவையோடு படிக்கப்பட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வடுவூராரின் தனித்தன்மை வேறு. அவர் தம் கதைகளைக் காவிரிக்கரையிலேயே ஊன்றினார். ‘மேனகா’வின் நாயகி தஞ்சாவூர் டெப்டி கலெக்டரின் மகள். சென்னையில் வக்கீலாக இருக்கும் கணவன் வீட்டில் நாத்தனார்களின் கொடுமைக்கு ஆளாகிறாள். இறுதியில் வேற்றார் ஒருவருக்குப் பணத்திற்கு விற்கப்படுகிறாள். ‘கும்பகோணம் வக்கீல்’ என்னும் நாவலிலோ கொடியவனே வக்கீல்தான். அவன் சூழ்ச்சிகளை வெளிக்கொணர்பவர் பல வேடம் புனையும் திகம்பர சாமியார்.

இந்நாவல்களில் அச்சத்தின் ஊற்று பேயன்று என்பது கருதத்தக்கது. தஞ்சைச் சிற்றூர்களுக்குப் பேய்க்கதை புதிதன்று. புளியமரத்து முனியையும் சுடுகாட்டு மோகினியையும் பாட்டியர் வாயிலாகவே கேட்டு வளர்ந்தவர்களை அச்சிட்ட பேய் எவ்வாறு நடுங்கச் செய்யும்? அவர்களை நடுங்கச் செய்தவை வேறு: கிரயப் பத்திரம், புரோநோட்டு, பொய்ச்சாட்சி, கோர்ட்டுச் சம்மன். நிலமே செல்வமாகவும் நிலமே மானமாகவும் இருந்த நாடு அது. ஒரு தஸ்தாவேஜு ஒரு குடும்பத்தின் குறுவையையும் சம்பாவையும் ஒருசேரக் கொண்டுபோய்விடும். மிராசுதார் வீட்டுப் பங்காளி வழக்கு ஒரு தலைமுறையில் தொடங்கி அடுத்த தலைமுறையிலும் முடியாமல் நிற்கும். கும்பகோணம் என்றால் கோயிலும் கல்லூரியும் நினைவுக்கு வருவதைப் போலவே வக்கீலும் நினைவுக்கு வந்த காலம். அவ்வூர்ப் பெயரைத் தலைப்பிலேயே சூட்டி, சட்டம் அறிந்தவனைக் கொடியவனாக நிறுத்திய நாவலை ஒரு குடியானவர் படித்தாலும் படிக்கக் கேட்டாலும், அது அவருக்குக் கற்பனையாக மட்டும் தோன்றியிருக்க இயலாது. தாசில்தாராக இருந்த ஆசிரியருக்கு அக்காகிதங்களின் வலிமை தெரியும் என்பதையும் மறத்தலாகாது.

பெண்களின் அச்சம் இன்னும் அணுக்கமானது. புகுந்த வீட்டின் மூடிய கதவுக்கு அப்பால் நடப்பதை யார் அறிவார் என்பதே ‘மேனகா’ எழுப்பும் திகில். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, வீட்டுப் பெண்டிர் சூழ்ந்திருந்து கேட்ட காலத்தில், ஒருத்தி சிந்திய கண்ணீர் மேனகைக்காகவா தனக்காகவா என்பதைப் பக்கத்தில் இருந்தவளும் அறிந்திருக்க மாட்டாள். மௌன வாசிப்பு பெருகுவதற்கு முன் நாவல் இவ்வாறே பல செவிகளை அடைந்தது. ‘நாவலும் வாசிப்பும்’ என்னும் நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கேட்டு வளர்ந்தவர் எழுத்தாலேயே மறுமொழி கூறியதற்கு வை. மு. கோதைநாயகி அம்மாளைக் காட்டலாம். ஐந்தாம் வயதில் மணம் முடிக்கப்பெற்ற அவர், தம் முதற்படைப்பாகிய ‘இந்திரமோகனா’ நாடகத்தைச் சொல்லச்சொல்லத் தோழி எழுதினார். அவருடைய ‘வைதேகி’க்குத் தம் ‘மனோரஞ்சனி’ இதழில் இடமளித்தவர் வடுவூராரே. 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தத் தொடங்கிய அம்மையார் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார், துப்பறியும் கதைகளும் அவற்றுள் உண்டு.

மேடை இந்நாவல்களை விடவில்லை. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களையும் ‘மேனகா’வையும் நாடகமாக்கினார், டி. கே. எஸ். சகோதரர்கள் அவற்றை ஊர் ஊராக நடித்தனர். புராணக் கதை மட்டுமே பார்த்துப் பழகிய கூட்டம், வக்கீலும் போலீசாரும் உலவும் சமூகக் கதைக்கு டிக்கெட் வாங்கியது. 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் ‘மேனகா’ திரைக்கு வந்தது; அடுத்த ஆண்டு ‘சந்திரகாந்தா’வும் வந்தது. வடுவூரார் மறைந்து எட்டாண்டுகள் சென்றபின், 1950இல், மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ படத்தை எடுத்தது. பின்னாளில் கொடியவனாகவே நடித்துப் பெயர் பெற்ற எம். என். நம்பியார் அதில் நீதியின் பக்கம் நின்று பல வேடங்களில் தோன்றினார் என்பது ஒரு வேடிக்கை. வாசகர் மறந்துவிட்ட கதைக்கு இத்தனை முதலீடு செய்ய எவரும் துணியார்.

இனி, மறுபுறம். கும்பகோணம் கல்லூரியில் உ. வே. சாமிநாதையர் ஆசிரியராக இருந்தபோதுதான் 1887இல் சிந்தாமணி அச்சேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911இல் தோன்றியது. இத்தகைய புலமைச் சூழலில் நாவல் பொதுவாகவே ஐயத்துடன் நோக்கப்பட்டது; மர்ம நாவலோ பெண்களையும் மாணவர்களையும் கெடுக்கும் பொருளாகக் கருதப்பட்டது. கும்பகோணத்தைச் சுற்றி எழுந்த ந. பிச்சமூர்த்தி, கு. ப. ராஜகோபாலன் தலைமுறை வேறொரு கலைநெறியை நாடிச் சென்றது. தழுவல் வழக்கத்தைப் புதுமைப்பித்தன் கடுமையாக எதிர்த்தார். இலக்கியக் கண்கொண்டு நோக்கின் அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. வடுவூராரின் நடை நீர்த்தது; தற்செயல் நிகழ்ச்சிகள் அளவிறந்தன. ஆனால் நூல் தரம் குறைந்தது என்பது ஒன்று. அதைப் படித்தவன் மூடன் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்புவது தமிழர்க்கே உரிய பிழையன்று. திகில் நாவல் படித்து மயங்கும் பெண்ணை ‘நார்த்தாங்கர் ஆப்பி’யில் நகைப்புக்கு இடமாக்கிய ஜேன் ஆஸ்டின், அதே நூலில் நாவலுக்காகவும் அதன் வாசகருக்காகவும் வாதாடியிருக்கிறார்.

வாசகர் மூடரல்லர் என்பதற்குச் சான்று காவிரிக்கரையிலேயே கிடைக்கிறது. திருவிடைமருதூரில் 1913இல் பிறந்த தேவன், ஆனந்த விகடனில் ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்தார். சாம்பு வங்கிக் குமாஸ்தா. அறிவால் அன்றி அதிர்ஷ்டத்தால் மட்டுமே குற்றவாளியைப் பிடிப்பவன். துப்பறிவாளன் எவ்வாறு நடக்க வேண்டும், தடயம் எவ்வாறு கிடைக்க வேண்டும் என்னும் மரபுகளை ஏற்கெனவே அறிந்த வாசகனே சாம்புவைக் கண்டு சிரிக்க முடியும். திகம்பர சாமியாரை நம்பிப் படித்த தலைமுறை, ஓரிரு பத்தாண்டுகளுக்குள் அவ்வகைக் கதையின் சூத்திரத்தையே கேலியாகச் சுவைக்கும் அளவு தேர்ந்துவிட்டது. அத்தேர்ச்சியை எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை.

1980களில் கைக்கு அடக்கமான மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கியபோது, பட்டுக்கோட்டையிலிருந்து பிரபாகர் என்றொருவர் பரத்தையும் சுசீலாவையும் அனுப்பி வைத்தார். அந்நூல்களில் வாசகர் கடிதங்களும் அச்சேறின. வடுவூராரின் வாசகருக்குக் கிட்டாத ஒரு பக்கம் அது. பாடநூலுக்குள் ஒளித்துப் படித்த மாணவனும், அறுவடை ஓய்ந்த மாசி, பங்குனியில் திண்ணையில் சாய்ந்து படித்த சம்சாரியும், கொலைகாரன் யாரென்று முன்னரே ஊகித்துவிட்டதாக ஆசிரியருக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தனர்.