மடிக்கணினி வைஃபை அட்டை

மடிக்கணினியைக் கம்பியில்லாமல் வலையமைப்பில் சேர்க்கும் சிறு மின்சுற்றுப் பலகை. பேச்சுவழக்கில் 'வைஃபை கார்டு'. அலைகளை வாங்கி அனுப்பும் சில்லு இதில் உள்ளது. ஆன்டெனா பெரும்பாலும் திரைச் சட்டத்துக்குள் பதிந்திருக்கும். அங்கிருந்து வரும் இரு மெல்லிய கம்பிகள் அட்டையில் செருகப்படும்.

வரலாறு: 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைவரிசைகளில் உரிமமில்லாப் பயன்பாட்டுக்கு வழிவிட்டது. நெதர்லாந்தில் என்சிஆர் நிறுவனப் பொறியாளர்கள் 'வேவ்லேன்' அட்டையை உருவாக்கினர். 1997இல் வைஃபைக்கென வந்த 802.11 தரத்தின் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட், 1999இன் 802.11பி தரத்தில் அது 11 ஆனது. அதுவரை பக்கவாட்டில் செருகும் தனிப் பொருளாக விற்ற அட்டையை மடிக்கணினிக்குள் பொதுவாக்கியது இன்டெலின் சென்ட்ரினோ தொகுப்பு (2003). இந்தியா 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005 ஜனவரியில்தான் உரிம விலக்கு அளித்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்தது. பனமரத்துப்பட்டி போன்ற சேலத்துச் சிற்றூர்களின் பல வீடுகளுக்குள் வைஃபை அட்டை நுழைந்தது இவ்வழியில்தான்.

வகைகள்: பிசிஎம்சிஐஏ, மினி பிசிஐ, மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், எம்.2 என வடிவம் சுருங்கி வந்துள்ளது. இன்றைய எம்.2 அட்டை 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் காலத்து ஆன்டெனா முனை இதில் பொருந்தாது. வடிவம் ஒன்றானாலும் உள்ளிணைப்பு வேறாகலாம்: இன்டெல் ஏஎக்ஸ்201 அட்டையின் பாதி வேலையை இன்டெல் செயலியே பார்ப்பதால் ஏஎம்டி மடிக்கணினியில் அது இயங்காது, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இயங்கும். கடைக்காரர் இதைச் சொல்வது அரிது.

தேர்வு: முதலில் பார்க்க வேண்டியது செருகுவாய், வேகம் பிறகு. பழைய ஹெச்பி, திங்க்பேட் மாடல்கள் பலவற்றின் பயோஸ் (தொடக்க மென்பொருள்), தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்காது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இன்டெல் அட்டையே ஏற்றது. பிராட்காம் சில்லுகளுக்கு இயக்கி தேடி அலைய நேரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் கடந்து எட்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் அடுத்த அறையிலேயே தளரும். ஆகவே இரண்டையும் பிடிக்கும் அட்டையே வாங்கத்தக்கது.

புதிய தலைமுறையான வைஃபை 7-க்குச் சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கீழ்ப்பகுதியை உரிமமில்லாப் பயன்பாட்டுக்குத் திறக்க இந்தியாவில் 2025 மே மாதம் வரைவு விதி வெளியானது. வீட்டு ரௌட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தருமானால், புது அட்டை வாங்கியும் பெரிய பயன் இராது.