இஸ்தான்பூல் தெருச் சாப்பாடு: அதைச் சமைத்த கைகள் யாருடையவை?



இஸ்தான்பூல் போய் வருபவர்கள் இப்போது நம் ஊர்களிலும் கூடிவிட்டார்கள். ஆயா சோபியா, நீலப் பள்ளிவாசல் படங்களுக்கு அடுத்ததாக அவர்கள் காட்டுவது தெருவோரச் சாப்பாட்டைத்தான். ‘உஸ்மானியர் சாப்பாடு’ என்று பலரும் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தச் சாப்பாட்டின் வரலாற்றை இன்று கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

முதலில் சிமித். மாவை வளையமாக முறுக்கி, திராட்சைப் பாகு கலந்த தண்ணீரில் தோய்த்து, எள்ளில் புரட்டிச் சுடும் பாண் இது. 1593 ஆம் ஆண்டின் உஸ்குதார் நீதிமன்றப் பதிவேட்டிலேயே சிமித்தின் நிறையும் விலையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அக்காலத்தில் அன்றாட உணவுக்கு விலை நிர்ணயிப்பது காழியின் வேலைகளில் ஒன்று. அந்த முறைக்கு ‘நர்ஹ்’ என்று பெயர். ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கிறதா என்று நிறுத்துப் பார்க்கும் நமக்கு, அந்தப் பதிவேட்டின் அருமை விளங்கும். 17 ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி, இஸ்தான்பூலில் 70 சிமித் பேக்கரிகளும் 300 சிமித் வியாபாரிகளும் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்தது கோப்பி. ‘துருக்கிக் கோப்பி’ என்று உலகமே சொல்கிறது. ஆனால் 1550களில் அந்த நகரத்தில் முதல் கோப்பிக் கடைகளைத் திறந்தவர்கள் ஹலபிலிருந்தும் டமஸ்கஸிலிருந்தும் வந்த இருவர் என்கிறார் வரலாற்றாசிரியர் பெச்செவி. கோப்பிக்கொட்டை வந்ததோ யெமனிலிருந்து. குளிர்கால இரவுகளில் விற்கும் ‘போஸா’ என்ற புளித்த தானியக் கூழும் அப்படித்தான். அதற்குப் பேர்போன வெபா கடையை 1876 இல் தொடங்கியவர் பால்கன் பக்கத்துப் பிரிஸ்ரன் நகரிலிருந்து வந்த அல்பேனியர்.

மூன்றாவது மித்யே தோல்மா. மட்டிக்குள் சோறு, உலர்ந்த திராட்சை, கறுவா எல்லாம் அடைத்து அவித்து, தேசிக்காய் பிழிந்து தருவார்கள். துருக்கியரில் பெரும்பாலோர் ஹனபி மத்ஹபினர். அந்த மத்ஹபில் கடல் உயிரினங்களில் மீன் மட்டுமே ஹலால், மட்டி கூடாது. இந்த உணவை இஸ்தான்பூலில் வளர்த்தவர்கள் அங்கு வாழ்ந்த ஆர்மேனியரும் கிரேக்கரும். இன்று அதைத் தெருவில் விற்பவர்களில் பலர், கடலே இல்லாத மார்தின் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தப் பக்கத்துக் குர்து மக்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே ஷாபிஈகள்.

ஆக, நாலா திசையிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து ஆக்கிய சாப்பாடு இது. ஆனால் அவர்களில் எல்லோருக்கும் அந்த நகரத்தில் நிம்மதியாக வாழக் கிடைக்கவில்லை. 1955 செப்டம்பர் 6, 7 ஆம் திகதிகளில் அங்கே ஆயிரக்கணக்கான கிரேக்கக் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. ஆர்மேனியர், யூதர் கடைகளும் தப்பவில்லை. அதாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்ததாக ஊதிப் பெருப்பித்த ஒரு பத்திரிகைச் செய்திதான் கூட்டத்தைத் தெருவுக்கு இறக்கியது. அதன் பிறகு கிரேக்கர்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுப் போனார்கள்.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. அடுத்த வாரமே திகன எரிந்தது.

கடை எரிந்தால் வயிறும் மனமும் எப்படி எரியும் என்று தெரிந்த சமூகம் நாம். அதனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் சிறுபான்மைக்கு நடந்ததையும் நாம் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். உஸ்மானியரின் கட்டடங்களையும் வெற்றிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, 1593 இல் ஏழையின் சிமித்தை நிறுத்துப் பார்த்த காழியையும் சொல்லுவோம். 1955 இல் கடையை இழந்த கிரேக்க வியாபாரியையும் சொல்லுவோம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு.

நம் பெருநாள் மேசையில் இருக்கும் வட்டிலப்பமும் மலாய் மக்களோடு சேர்த்துப் பேசப்படும் உணவுதானே. இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.