கால் அணாவில் ரங்கூன்

1937 மார்ச் 31 வரை, அஞ்சல் துறையின் கணக்கில் ரங்கூன் உள்நாடு. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூருக்கு ஒரு கார்டு போட என்ன செலவோ, அதே செலவில் வங்கக் கடலைத் தாண்டி ரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் மாண்டலேக்கும் போடலாம். 1879 ஜூலை 1 அன்று இந்தியாவில் கார்டு விற்பனைக்கு வந்தபோது அதன் விலை கால் அணா. 1922இல் அரை அணா ஆயிற்று, 1931 கடைசியில் முக்கால் அணா. விலை ஏறியதே தவிர, பர்மாவுக்கென்று தனியாக ஒரு காசு கூடுதலாக வாங்கவில்லை. கடலுக்கு அக்கரையில் இருந்த மகனும் இக்கரையில் இருந்த தாயும் ஒரே தபால் வீட்டுக்குள் இருந்தார்கள் என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரவு வண்டியில் முத்திரையைப் படித்துப் படித்துப் பழகிய கண், வேலை முடிந்த பிறகும் முத்திரையையே தேடியது. பர்மாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் மனைவியின் குடும்பம். அவர்கள் 1960களின் நடுவில் கப்பலேறி வந்தவர்கள். பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது இருப்பவை பெரும்பாலும் பர்மாத் தபால்தான்: ஸ்டாம்பு, கவர், கார்டு, மணியார்டர் கூப்பன்.

பர்மா ஸ்டாம்பு என்றதும் எல்லோரும் 1937இலிருந்து தொடங்குவார்கள். ஆல்பமும் அங்கேதான் தொடங்கும். ஆனால் அதற்கு முன்னால் எண்பது ஆண்டுக்கும் மேல் பர்மாவில் ஓடியது இந்திய ஸ்டாம்புதான். 1852 போரில் ரங்கூன் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1854 அக்டோபர் 1 அன்று இந்தியா முழுவதற்குமான முதல் ஸ்டாம்புகள் வந்தபோது ரங்கூனும் அந்த வட்டத்துக்குள் இருந்தது. அந்தக் காலத்து ஸ்டாம்பு பர்மாவில் ஒட்டப்பட்டதா, பம்பாயில் ஒட்டப்பட்டதா என்பதை ஸ்டாம்பு சொல்லாது, முத்திரைதான் சொல்லும். எண்கோண வடிவில் கோடுகள், நடுவில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து, அதன் கீழே ஓர் எண். ‘பி’ என்றால் வங்காள அஞ்சல் வட்டம். பர்மா, பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடக்கம். சிங்கப்பூரின் எண் 172. பர்மாவின் ஒவ்வொரு ஊருக்கும் அப்படியே தனித்தனி எண் உண்டு. மலிவாகக் குவித்து விற்கும் விக்டோரியா ஸ்டாம்புகளில் இந்த எண்ணைத் தேடுவதுதான் இந்தத் துறையின் முதல் இன்பம்.

கடிதங்களைச் சுமந்தது பி.ஐ. கப்பல். 1856இல் கல்கத்தா-பர்மா நீராவிக் கப்பல் கம்பெனி என்ற பெயரில், கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தோடு தொடங்கிய கம்பெனி அது. 1862இல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஆயிற்று. நம் ஊர்களிலிருந்து மூட்டை முடிச்சோடு பர்மாவுக்குப் போனவர்களும் அவர்களுடைய கார்டுகளும் ஒரே கப்பலில் போனார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்தின் நான்கு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். தெலுங்கர், தமிழர், வங்காளி, ஒரியர் என்று எல்லோரும் இருந்தார்கள். மொகல் தெருவில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிடங்குகள் வரிசையாக இருந்தன. 1929-30இல் பர்மாவின் வங்கித்தொழிலை விசாரித்த குழு, நாடு முழுவதும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு, பாட்டன் அப்பன் பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்த கவர்களில் அந்த எழுத்துக்கோவை ரப்பர் ஸ்டாம்பாகப் பதிந்திருக்கும். அதைப் பார்த்தே எந்தக் கடை என்று சொல்லும் பெரியவர்கள் காரைக்குடிப் பக்கம் உண்டு.

என்னிடம் உள்ள ஒரு கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரங்கூன் ஆற்றின் எதிர்க்கரையில் டாலா. ஐராவதி ஃபுளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை அங்கே இருந்தது. அந்தப் பட்டறையில் வேலை செய்த ஒருவர், செங்கல்பட்டு ஜில்லா பூந்தமல்லி போஸ்ட்டுக்கு உட்பட்ட ஒரு கிராமத்தில் இருந்த அண்ணனுக்கு எழுதியது. அரை அணாக் கார்டு. ரங்கூன் முத்திரையில் வருடம் மங்கிவிட்டது. பூந்தமல்லி டெலிவரி முத்திரையில் மை வழிந்திருக்கிறது. வெளிநாட்டு ஏலக்காரர் யாராவது இதைப் பார்த்தால், ‘தேதி தெளிவில்லை, பின்புறம் உள்ளூர் மொழியில் எழுத்து’ என்று குறிப்பெழுதி மலிவு விலைப் பெட்டியில் போட்டுவிடுவார். ஆனால் தமிழ் படிப்பவனுக்கு அதில் தேதி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. தலையில் பிள்ளையார் சுழி. அதன் கீழே ‘அட்சய ௵ மாசி ௴ ’ என்று எழுதி நாளையும் போட்டிருக்கிறார். அட்சய வருஷம் என்றால் 1926 ஏப்ரலிலிருந்து 1927 ஏப்ரல் வரை. அப்படியானால் மாசி, 1927 பிப்ரவரி-மார்ச். அறுபது வருஷச் சுற்றைத் தெரிந்தவனுக்கு மங்கிய முத்திரை ஒரு தடையே இல்லை. அதற்கு முந்தைய சுற்றில் அட்சய வருஷம் 1866இல் வருகிறது, அப்போது கார்டே கிடையாது. அதனால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

எழுதியிருப்பது இவ்வளவுதான்: க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். மணியார்டர் அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் பதில் போடவும். கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது. மாட்டை விற்க வேண்டாம்.

மணியார்டர்தான் இந்தக் கதையின் முதுகெலும்பு. 1880 ஜனவரி 1 முதல் இந்திய அஞ்சல் துறை மணியார்டர் நடத்தத் தொடங்கியது. பர்மா உள்நாடு என்பதால் அங்கிருந்து வந்ததும் உள்நாட்டு மணியார்டரே. செட்டியாருக்குப் பணம் அனுப்ப உண்டியல் இருந்தது. துறைமுகக் கூலிக்கும் அரிசி ஆலைத் தொழிலாளிக்கும் தபால் ஆபீஸ்தான் பேங்கு. பணம் கைக்கு வந்ததும் கூப்பனைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் நாலு வரி எழுத இடம் உண்டு. பணம் செலவாகி மூன்று தலைமுறை ஆன பிறகும் அந்தக் கூப்பன் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். ஸ்டாம்பு ஒட்டாத காகிதம் என்பதால் சேகரிப்பவர்கள் இதைத் தொடமாட்டார்கள். என் கண்ணில் எந்த அரிய ஸ்டாம்பையும்விட அது உயர்ந்தது.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. முதல் நாள் வந்தவை புதுப் படங்கள் அல்ல. ஐந்தாம் ஜார்ஜ் தலையுள்ள அதே இந்திய ஸ்டாம்புகளின் மேல் ‘பர்மா’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். மூன்று பை முதல் 25 ரூபாய் வரை. 25 ரூபாய் ஸ்டாம்பை ஒட்டிக் கடிதம் போட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், அது பெரிய பார்சலுக்கும் ஆபீஸ் கணக்குக்கும். சாதாரண மனிதன் கையில் பட்டது கீழ்விலை ஸ்டாம்புகள்தான். அப்போது தாது வருஷம், பங்குனி மாதம். எல்லை என்பது தமிழ்க் குடும்பங்களின் கைக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்த மேலச்சாகத்தான்.

1938 நவம்பர் 15 அன்று பர்மாவுக்கென்றே வரைந்த படங்கள் வந்தன. அச்சடித்தது நாசிக்கில், இந்திய செக்யூரிட்டி பிரஸ். ஒளியில் பிடித்தால் காகிதத்தில் யானைத்தலை நீர்க்குறி தெரியும். இரண்டரை அணாவில் அரச படகு, மூன்று அணாவில் தேக்கு, மூன்றரை அணாவில் நெல் வயல், எட்டணாவில் ஐராவதி, ஒரு ரூபாயிலும் இரண்டு ரூபாயிலும் மயில். அழகான வரிசை. தேக்கையும் நெல்லையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கீழ் பர்மாவின் வயல்களும் நினைவுக்கு வரும். 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் கையில் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போக, 1938க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. அந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபத்தையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். நம் ஆட்களின் கடிதத்தை மட்டும் படித்துக் கண் கலங்குவது நேர்மை ஆகாது.

படக் கார்டுகளைப் பற்றி ஒரு சொல். பழைய ரங்கூன் படக் கார்டுகளில் அதிகம் கிடைப்பவை டி.ஏ. அகுஜா என்ற ரங்கூன் வெளியீட்டாளருடையவை, ஜெர்மனியில் வண்ணம் ஏற்றி அச்சடித்தவை. ஜெர்மன் புகைப்படக்காரர் ஃபிலிப் கிளியர் எடுத்த படங்களும் அவற்றில் கலந்திருக்கின்றன. ஷ்வேடகோன் கோபுரம், சுருட்டுப் பிடிக்கும் பெண், மரம் தள்ளும் யானை. வெள்ளைக்காரர் வாங்கி ஊருக்கு அனுப்பிய சரக்கு இது. நம்மவர் காலணாக் கார்டில்தான் எழுதினார்கள். படக் கார்டில் தமிழ் எழுத்து கிடைத்தால் விடாதீர்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியில் இறந்தார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ மாதப் பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்தான். ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்ற நூல் அவர் எழுதியது. பர்மாத் தபால் சேகரிப்பவர் கேட்லாக்கை வாங்கும் முன் அதைப் படிக்க வேண்டும்.

இங்கிருந்து அனுப்பிய கடிதங்கள் போய்ச் சேராமலே திரும்பின. அங்கே ஹென்சாடா, மியாங்மியா, பியாபோன் ஊர்களில் பர்மா விடுதலைப் படையின் ஆட்சி நடந்த சில மாதங்களில், ஜார்ஜ் ஸ்டாம்புகளின் மேல் மயிலை அச்சடித்து ஓட்டினார்கள். இந்த மயில் மேலச்சில் போலிகள் ஏராளம். நம்பகமான சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். 1942 ஜூனில் விலையே அச்சிடாத சிவப்பு ஸ்டாம்பு ஒன்று வந்தது, அஞ்சல் துறைத் தலைவராக இருந்த யானோ என்ற ஜப்பானியரின் சொந்த முத்திரை வடிவில், ஓர் அணாவுக்கு விற்றது. 1943 ஆகஸ்ட் 1 அன்று ஜப்பானியர் கொடுத்த பெயரளவு விடுதலைக்கு ஒரு வரிசை. 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் 1938 படங்களின் மேல் ராணுவ நிர்வாகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நான்கு ஆண்டுக்குள் ஒரு நாட்டின் ஆட்சி எத்தனை கை மாறியது என்பது ஒரே பக்கத்தில் தெரியும். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் ஸ்டாம்புகளையும் இதோடு சேர்த்து விற்கிறார்கள். அவை பெர்லினில் அச்சானவை, தபாலில் ஓடியதே இல்லை. ரங்கூன் முத்திரையோடு யாராவது காட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. ஜனவரி 6 அன்று விடுதலைத் தலைவர் ஆங் சான் படத்தோடு முதல் வரிசை வந்தது. அதே ஆண்டு ஜூலை 19 அன்று, முந்தைய ஆண்டில் ஆங் சானும் அமைச்சர்களும் சுட்டுக்கொல்லப்பட்டதன் நினைவாக இன்னொரு வரிசை. அந்த அமைச்சர்களில் ஒருவர் கல்வி அமைச்சர் அப்துல் ரசாக். மெய்க்டிலாவில் பிறந்தவர், தகப்பனார் தமிழ் முஸ்லிம், தாயார் பர்மியர். பர்மாவின் தியாகிகள் வரிசையில் ஒரு தமிழரின் பிள்ளை இருக்கிறார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? அந்த வரிசையை நான் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் பர்மாவின் பறவை வரிசை ஸ்டாம்புகள் வந்தன. பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் சொந்தக்காரருக்குப் போட்ட கடைசிக் கடிதங்களில் ஒட்டியிருப்பவை இந்தப் பறவைகள். என் மனைவியின் பெரியம்மா ஒரு கவரைப் பார்த்துவிட்டு, “இதுல ஒட்டியிருக்கிற குருவிக்குத் தடையில்ல தம்பி, எங்களுக்குத்தான் தோட்டையும் கழட்டி வச்சுட்டு வரச் சொன்னாங்க” என்றார். வந்தவர்களில் பலர் சென்னையில் வியாசர்பாடியிலும் மற்ற காலனிகளிலும் குடியேறினார்கள். 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவாயிற்று. தலைமைத் தபால் ஆபீஸான ஜி.பி.ஓ. கட்டடத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கடைகள் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் ரங்கூன் தபால் எல்லாம் வந்து இறங்கிய தெருவில் ரங்கூன் மக்களே வந்து கடை போட்டார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இவை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததோடு சென்னையில் நல்ல சுரங்கம் ஒன்று போயிற்று. இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் டிரங்குப் பெட்டியோடு காகிதக் கட்டுகள் வரும். சென்னையில் 1956 முதல் தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கம் இருக்கிறது, அங்கே விஷயம் தெரிந்த மூத்தவர்கள் உண்டு. ஈரத்திலிருந்து பாதுகாக்க அலமாரியில் சிலிக்கா ஜெல் வைக்கலாம். பாரிவாக்கம் ஏரி நிரம்பும் மாதங்களில் எங்கள் சுவர்கள் ஈரம் கோக்கும், அப்போது அலமாரியை வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில், பாட்டியின் பெட்டியில் பர்மாத் தபால் இருந்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஸ்டாம்பை வெட்டாதீர்கள், தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். வெட்டி எடுத்த மூன்றணாத் தேக்கு ஸ்டாம்பு உலகம் முழுக்கக் கிடக்கிறது. அது ஒட்டியிருந்த கவரும் முத்திரையும் உள்ளே உள்ள தமிழும் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தத் தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, யார் யாருக்கு எழுதியது, அவர் பர்மாவில் எந்த ஊரில் என்ன வேலை செய்தார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.